பெரட்டில் கூப்பிடாத பெயர்கள்

ராணி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவன் கதிரேசன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. காலை எட்டு மணி இருக்கும். பத்தாங் பெர்ஜுந்தாய் பாசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பழைய தோட்டத்து ஆட்களின் வாட்சாப் குழுவில் அவனுடைய செய்தி வந்து விழுந்தது. 'என் இனிய தோழி, பொருளாதார ஆசிரியை செல்வராணி இன்று காலை மறைந்தார். எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலும் அறிவால் இணைந்திருந்தோம். பதினாறாம் நாள் அஞ்சலிக் கூட்டத்தில் நான் உரையாற்றுவேன்.' அதற்குக் கீழே கைகூப்பும் படம் மூன்று. அதற்கும் கீழே, கோட்டு போட்ட அவனுடைய படம் ஒன்று.

"அண்ணே, மீனு வேணுமா வேணாமா லா?" என்று மீன்காரன் இரண்டாவது முறை கேட்டபோதுதான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில் கெட்ட வார்த்தையும் வந்தது. இனிய தோழியாம்! கடந்த இருபது வருடத்தில் ராணி அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. எங்கே பேச்சு வந்தாலும் 'அந்த ஆளு' என்றுதான் சொல்வார்.

நினைவு மலரில் இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது முறை என்று சொன்னார்கள். எழுதுகிறேன். ராணியைத் தெரிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் கதிரேசனின் மானத்தை வாங்காமல் ராணிக்கு என்னால் அஞ்சலி செலுத்த முடியாது. அந்த அம்மாவின் வாழ்க்கையில் பாதி அவனுக்குப் பதில் சொல்வதிலேயே போனது. பழையதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததைப் படிக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மாணிக்கம். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் கோல சிலாங்கூருக்கும் நடுவில் இருந்த எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்தேன். ஆபீசில் எழுத்து வேலை. ராணியும் கதிரேசனும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள், ஒரே வயது, என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். இரண்டு பேரும் பொருளாதாரம்தான் படித்தார்கள். ராணி கோல சிலாங்கூரில் ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புக்கு, ஆசிரியை ஆனார். அவன் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லப் போனான்.

எங்கள் தோட்டத்தில் வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் எல்லோரும் வந்து நிற்பார்கள். நான் பெயர் கூப்பிடுவேன், 'இருக்கேன்' என்பார்கள், மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். அதற்குத்தான் பெரட்டு என்று பெயர். நான் கூப்பிடும் பெயர்கள் செக்ரோல் என்ற புத்தகத்தில் இருக்கும். அதில் இருப்பவர்கள் குலை வெட்டும் ஆண்கள் மட்டும். ஆனால் காட்டுக்குப் போவது ஆண்கள் மட்டும் இல்லை. நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் புருஷன் குலையை வெட்டித் தள்ளுவான். குலை விழுந்ததும் பழம் சிதறி ஓடும். மனைவி குனிந்து உதிரிப் பழத்தைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ரோட்டோரம் வரை தள்ளிக்கொண்டு போவாள். எடைக்குத்தான் கூலி. கூலி புருஷன் பெயரில் வரும். மனைவிக்குப் பெயர் கிடையாது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

ராணியோடு எனக்கு முதல் பேச்சு அந்த விஷயத்தில்தான். அப்போது அவருக்குப் பதினேழு வயது. காட்டில் ஒரு மட்டை விழுந்து அவருடைய அம்மா அஞ்சலையின் வலது தோள் உடைந்துவிட்டது. வேலையில் அடிபட்டவருக்குக் கிடைக்கிற உதவிக்கு எழுதித் தரச் சொல்லி ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். நான் செக்ரோலைப் புரட்டிப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் புரட்டினேன். "அந்தப் பேர்ல யாரும் வேல செய்யலையேம்மா" என்றேன்.

"தெனமும் காலைல ஒங்க ஆபீஸ் வாசலத் தாண்டித்தானே அண்ணே போறாங்க?"

"போவாங்க. ஆனா பேரு இல்லையே."

"எழுதுறது நீங்கதானே?"

"தொரை சொல்லாம நான் எப்படிம்மா எழுதுறது?"

அந்தப் பெண் கிளம்பத் திரும்பியது. "அப்போ மட்டை விழுந்தது யாரு தோள்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. அஞ்சலையம்மாவின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. இடது கையால் பழம் பொறுக்கினார். புருஷன் செத்த பிறகு தன் தம்பியோடு காட்டுக்குப் போய், தம்பியின் பெயரில் பொறுக்கினார்.

வருடங்கள் ஓடின. ராணி டீச்சர் ஆகிப் பெயர் எடுத்த பிறகுதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு வருடத்தில் மூடிவிடுவார்கள். செக்ரோலில் பெயர் இருப்பவர்களுக்கு இழப்பீடு, ஆளுக்கு ஒரு மலிவு விலை வீடு என்றது நிர்வாகம். அப்படியானால் காலம் முழுக்கப் பழம் பொறுக்கிய பெண்களுக்கு? நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அஞ்சலையம்மா போன்ற விதவைகளுக்குத் தலைக்கு மேலே கூரையே போய்விடும். ராணி கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பதில் சொல்வதற்குக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது. கோட்டு போட்டு வந்து இறங்கினான் கதிரேசன்.

எங்கள் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டான். திரை கட்டி, படம் காட்டி, அவனுடைய அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை வாசித்தான். அது எனக்கு மனப்பாடம். 'ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வருமானம், உற்பத்தியில் அவர் கூடுதலாகச் சேர்க்கும் பங்குக்குச் சமமாகும். பதிவில் இல்லாத குடும்ப உறுப்பினர்கள் தனியாக எதையும் சேர்ப்பதில்லை. எனவே அவர்களுக்கு உரிய பங்கு என்று எதுவும் இல்லை.' வாசித்துவிட்டு, "இது நான் சொல்றது இல்ல, பொருளாதாரம் சொல்றது" என்று சிரித்தான். அவனுடைய அம்மா பாப்பாத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரும் செக்ரோலில் இல்லாத நாற்பத்தொரு பேரில் ஒருவர். அந்த அம்மா பொறுக்கிய பழத்தில்தான் இவன் கப்பல் மாதிரி சப்பாத்து போட்டுக்கொண்டு நின்றான்.

எனக்கு எழுந்து கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வெளியே வந்ததும் ராணியிடம், "அவங்கம்மா என்ன சேத்தாங்கன்னு கேட்டிருக்கலாம்ல? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி இருந்திருக்கும்" என்றேன். ராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த ஆள அடிக்க அந்தம்மாவக் கல்லா எடுத்து எறியச் சொல்றீங்களா? அவங்களுக்கு எப்ப வாய் வருதோ அப்ப அவங்களே கேக்கட்டும். நமக்கு வேற வழி இருக்கு" என்றார்.

மறுநாள் கோயில் சமையல் கொட்டகையில் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு வேலை. ராணி நடுவில் உட்கார்ந்து அவரும் உரித்தபடி பேசினார். ஆறாம் படிவத்துக்கு ஒரு பருவம் முழுக்க நடத்துகிற பாடம் அது. வருமானம் எப்படிப் பிரிகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்னதையெல்லாம் ஒரு கூடை வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்தார்.

"மொதல்ல வந்தவங்க சொன்னாங்க, வேலை செய்யறவனுக்கு உசுரு ஓடுற அளவுக்குத்தான் கூலி, நெலத்துக்காரன் காலே வைக்காம மிச்சத்த எடுத்துக்குவான்னு. அப்புறம் ஒருத்தரு, லாபம்னு சொல்றதே நீங்க செஞ்சும் கூலி வராத வேலைதான்னாரு. அதுக்கப்புறம் வந்தவங்கதான் இந்த ஆளோட வாத்தியாருங்க. யாரு எவ்வளவு சேக்குறாங்களோ அவ்வளவுதான் கிடைக்குது, யாரும் கொறை சொல்லாதீங்கன்னாங்க. சில பேரு படிப்புதான் காரணம்னாங்க. இன்னும் சில பேரு, அது கயிறு இழுக்கற மாதிரி, பலம் இருக்கற பக்கம் போகும்னாங்க."

"நீ எதைம்மா நம்புற?" என்று கேட்டது பாப்பாத்தி.

"கெடா வெட்டி பங்கு போடறதப் பாத்திருக்கீங்கள்ல? தலை பூசாரிக்கு. தொடை தலைவருக்கு. மசாலா அரைச்ச ஒங்களுக்கு எலும்பும் கொழம்பும். ஏன்னு கேட்டா ஆளுக்கொரு நியாயம் சொல்வாங்க. நான் நியாயத்தக் கேக்கறதில்ல அக்கா, கத்தி யாரு கையில இருக்குன்னு மட்டும் பாப்பேன்."

கொட்டகையே சிரித்தது. பிறகு ராணி வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா இந்தத் தடவ அவங்க கத்தியாலயே வெட்டுவோம். ஒருத்தரு எவ்வளவு சேக்குறாங்கன்னு கண்டுபுடிக்க அந்த வாத்தியாருங்களே ஒரு வழி சொல்லியிருக்காங்க. அவங்கள எடுத்துப் பாரு, எவ்வளவு கொறையுதோ அதுதான் அவங்க பங்கு. நீங்க எதையும் சேக்கலன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்போ நாளைலேர்ந்து வீட்ல இருங்க. ஒன்னும் கொறையாதுல்ல?"

நாற்பத்தொரு பேரும் வீட்டில் இருந்துவிட்டார்கள். நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய கூத்து அதுதான். முதல் நாள் ஆண்கள் கேலி பேசிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் பேச்சு குறைந்தது. குலை வெட்டியவனே அரிவாளைச் சாய்த்து வைத்துவிட்டுக் குனிய வேண்டும், பொறுக்க வேண்டும், வண்டி தள்ள வேண்டும், திரும்ப வந்து அரிவாளைத் தூக்க வேண்டும். நாலாம் நாள் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மரத்தடியெல்லாம் உதிரிப் பழம் கிடந்து அழுகியது. பழம் ஏற்றும் லோரி பாதி காலியாகப் போனது. ஆலையிலிருந்து போன் வந்தது. தொரை என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா ஆச்சு, செக்ரோல்ல எல்லாரும் வேலைக்கு வந்திருக்காங்களே!" என்று கத்தினார். "ஆமாங்க, எல்லாரும் வந்திருக்காங்க" என்றேன். அப்படிச் சொன்ன சுகம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ராணி கம்பெனிக்கு இரண்டே வரியில் கடிதம் எழுதினார். உங்கள் அறிக்கை சொன்ன முறையில் அளந்து பார்த்தோம், உற்பத்தி கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது, ஆகவே அந்தப் பாதி இந்தப் பெண்களுடையது, பெயர்களை எழுதுங்கள் என்று. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். பாப்பாத்தி எல்லோருக்கும் கேசரி கிண்டினார்.

மறுநாள் கதிரேசன் திரும்ப வந்தான். முகத்தில் ஈ ஆடவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். பெண்களைக் கூப்பிடவே இல்லை. ஆண்களை மட்டும் மண்டபத்துக்கு வரச் சொன்னான். "டீச்சர் சொல்றது சரிதான். நான் ஒத்துக்கறேன். பாதி வேலை பொம்பளைங்களுதுதான். அப்படின்னா இவ்வளவு நாளா நீங்க வாங்கின கூலில பாதி ஒங்களுது இல்ல. ஒங்க ரேட்டைப் பாதியாக்கி, மிச்சத்த அவங்க பேருக்கு மாத்திரலாம். இழப்பீடும் அப்படியே, ஆளுக்குப் பாதி. கையெழுத்துப் போடறீங்களா?"

யாரும் போடவில்லை. இரண்டாக வெட்டியது எங்களைத்தான், கம்பெனியின் பங்கில் ஒரு கீறல் விழவில்லை. அது அப்போது எந்த ஆம்பளைக்கும் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைத் திட்டினார்கள். இரண்டு வீட்டில் அடி விழுந்தது. அடுத்த நாள் பெரட்டு முடிந்ததும் நாற்பத்தொரு பெண்களும் சாக்கை எடுத்துக்கொண்டு ஆண்கள் பின்னால் தலையைக் குனிந்தபடி காட்டுக்குப் போனார்கள். ராணி பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நின்று அதைப் பார்த்தார். அழவில்லை. "பங்கு பிரிக்கிற எல்லாக் கணக்குலயும், பிரிக்கிறவன் பங்கு மட்டும் மேசைக்கே வராது அண்ணே" என்றார்.

தோட்டம் மூடியது. பெண்களுக்கு 'அன்பளிப்பு' என்று ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார்கள். அஞ்சலையம்மாவுக்கு வீடு கிடைக்கவில்லை. புக்கிட் பெருந்துங்கில் தம்பிக்குக் கிடைத்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்து, அங்கே ஒத்து வராமல், ராணியின் வாடகை வீட்டுக்கு வந்தார். "ஏம் பேருல ஒரு கதவு வேணும்டி, நானாத் தொறக்கணும், நானா சாத்தணும்" என்று அடிக்கடி சொல்வாராம். இரண்டு வருடத்தில் செத்துப்போனார். எடுப்பு முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு ராணி என்னிடம் சொன்னது இதுதான்: "நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்த ஆள நிம்மதியா இருக்க விடமாட்டேன்."

எப்படி என்று கேட்டேன். வாத்தியாருக்கு என்ன ஆயுதம் இருக்கிறது? அந்த வருடம் பள்ளியின் முன்தேர்வில் ராணி ஒரு கேள்வி வைத்தார். கதிரேசனின் அந்தப் பத்தியை, அதே மூன்று வாக்கியத்தை, மலாயில் மொழிபெயர்த்துப் போட்டு, அவனுடைய பெயரையும் பட்டத்தையும் கீழே அச்சிட்டு, 'இந்தக் கூற்றில் உள்ள பிழைகளை வருமானப் பகிர்வுக் கோட்பாடுகளின் துணையோடு விளக்குக, இருபத்தைந்து புள்ளிகள்' என்று கேட்டார். அடுத்த வருடமும் அதே கேள்வி. அதற்கடுத்த வருடமும் அதே. மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், எல்லோரும் தயார் செய்துகொண்டு வருவார்கள். வருடா வருடம் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அவனைத் துவைத்துக் காயப்போட்டார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம்ம பிள்ளைகள், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வந்து தங்கிப் படித்த மீன்பிடிக்காரர் பிள்ளைகள் எல்லோருக்கும் அவன் பெயர் தெரியும். நல்ல விதத்தில் தெரியாது.

விஷயம் அவன் காதுக்குப் போனது. பள்ளி முதல்வரிடம் புகார் செய்தான். முதல்வர் ராணியைக் கூப்பிட்டுக் கேட்டார். "பாடத்திட்டத்துல இருக்கற கேள்விதானே சார். டாக்டருக்குத் தன் கருத்துல நம்பிக்கை இருந்தா எங்க பிள்ளைங்களுக்கு வந்து விளக்கட்டுமே, நானே மாலை போட்டுக் கூப்பிடறேன்" என்றார் ராணி. அவன் வரவில்லை. ஒரு தீபாவளி விருந்தில் எங்கள் இரண்டு பேரிடமும் நேராகவே வந்தான். நான் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

"ராணி, போதும் லா. எத்தனை வருசம்தான் இப்படி?"

"எனக்கு ஓய்வு வயசு அறுபது" என்றார் ராணி. "அதுவரைக்கும்."

அறுபது வரை இருக்க விடவில்லை நோய். கடைசியாக அவரைப் போன மாதம் பார்த்தேன். உடம்பு பாதியாகிவிட்டது, கண்ணில் மட்டும் பழைய வீம்பு. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்தார். தோட்டம் மூடும்போது வீடு வீடாகப் போய் எழுதியது. நாற்பத்தொரு பெண்களின் பெயரும், யார் எத்தனை வருடம் பழம் பொறுக்கினார் என்பதும்.

"எனக்கு அஞ்சலிக் கூட்டம் வைப்பாங்க. அந்த ஆளு பேச வருவான், பாருங்க. பேச விடுங்க, தடுக்காதீங்க. அம்மாவையும் கூட்டிட்டு வருவான், கூட்டத்துல நல்ல பேரு எடுக்க. அவன் பேசி முடிச்சதும் நீங்க பெரட்டு கூப்பிடணும்."

"நானா?"

"நீங்கதான் அண்ணே எழுதல. நீங்கதான் கூப்பிடணும். பாப்பாத்தியக்கா பேரைக் கடைசியாக் கூப்பிடுங்க. நடுவுல கூப்பிட்டா அவன் எந்திரிச்சுப் போயிருவான். கூப்பிட்டா மட்டும் போதும். பதில் சொல்றதும் சொல்லாததும் அந்தம்மா இஷ்டம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சாகக் கிடக்கிற ஒருவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பத்தாங் பெர்ஜுந்தாய் கோயில் மண்டபத்தில் கூட்டம். அவர் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. கதிரேசன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிறுத்தினான். மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் பேசினான். ராணி அறிவாளி, ஆனால் உணர்ச்சிவசப்படுவார். கடைசிக் காலத்தில் பகையெல்லாம் கரைந்துவிட்டது. அவர் பெயரால் சிறந்த பொருளாதார மாணவருக்கு வருடா வருடம் தன் செலவில் பரிசு. கைதட்டல் கேட்டது. உயிரோடு இருந்தவரை இருபத்தைந்து புள்ளிக் கேள்வியாக அவனைக் குத்திய பெயரை, செத்ததும் விலைக்கு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கொப்பியைக் கையில் எடுத்தேன்.

மேடை ஏறினேன். "பெரட்டு கூப்பிடப் போறேன். பேரு வந்தவங்க பதில் சொல்லுங்க" என்றேன். மண்டபத்தில் இருந்த இளசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. வயசானவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அஞ்சலை" என்றேன். இல்லாதவர். ராணியின் தம்பி மகள் எழுந்து, "அப்பாயி இல்ல, நான் இருக்கேன்" என்றது. "மாரியாயி." "இருக்கேன்!" "கன்னியம்மா." "இருக்கேன்." செத்தவர்களுக்கு மகளோ மருமகளோ எழுந்து நின்றார்கள். காலம் போன காலத்தில், எழுபது வயதுக் கிழவிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னார்கள். நாற்பது பெயர் முடிந்தது. கதிரேசன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் எங்கே போகிறது என்று அவனுக்குப் புரியவே இல்லை. தன் அம்மா வேலை செய்தவர் என்பதையே மறந்தவனுக்கு எப்படிப் புரியும்?

"பாப்பாத்தி" என்றேன்.

அவன் திடுக்கிட்டு அம்மாவின் தோளில் கையை வைத்தான். அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கேன், கிராணி" என்றார். "இவ்வளவு வருசம் கழிச்சுத்தான் கூப்பிடத் தோணுச்சா ஒங்களுக்கு?" பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, நான் ஒன்னுமே சேக்கலன்னா எழுதுன?"

"அம்மா, அது ரிப்போர்ட்டுமா. அது வேற. வீட்ல போய்ப் பேசலாம்."

"ரிப்போர்ட்டோ என்னவோ. ஒன்னையப் படிக்க வச்ச பீசு யாரு பொறுக்குனதுடா? ஒங்கப்பன் ஒருத்தன் சம்பளத்துலயா நீ டாக்டரான? ராணி எத்தனையோ தடவ என்கிட்ட கேட்டுச்சு, நீங்க ஒரு வார்த்த கேளுங்கக்கான்னு. புள்ளையாச்சேன்னு வாய மூடிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு போயிருச்சு." அழுதுகொண்டே சொன்னார். "அது பேருல நீ பரிசு குடுக்காத. கை கூசும்."

அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ராணி சார்பிலும், அஞ்சலையம்மா சார்பிலும் சேர்த்துப் பார்த்தேன். சாப்பிடாமல் போய்விட்டான். அம்மா சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று உட்கார்ந்துவிட்டார், இலையில் வடை கேட்டு வாங்கினார். சில பேர் என்னிடம் வந்து, இழவு காரியத்தில் இப்படியா செய்வது என்றார்கள். இதற்காகவே ராணி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, அவனை மன்னிக்கவுமில்லை.

அந்தக் கொப்பி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ராணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். ஆனால் உங்களிடம் சொல்லாத ஒன்று பாக்கி. நாற்பத்தொரு பெயருக்குக் கீழே ராணியின் கையெழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. மேடை ஏறுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். பாப்பாத்தி பதில் சொன்னதும் கொப்பியை மூடி இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள், தோளைத் தட்டினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம், எழுத வேண்டிய பெயரை விட்டுவிடுவது. கதிரேசனை விடாத ராணி என்னை மட்டும் எப்படி விடுவார்? அன்று வாசிக்காத அந்த வரியை, அவருக்குப் பயந்து, இங்கே அச்சில் எழுதுகிறேன்.

'மேலே உள்ள பெயர்களைத் தெரிந்தே எழுதாமல் விட்டவர்: கிராணி மாணிக்கம். அண்ணே, இதையும் சத்தமா வாசிங்க.'

இருக்கேன், டீச்சர்.